தோப்பு வீட்டில் ஒரு ராத்திரி: பருப்பு ஏன் வேகவில்லை?

கிராமத்து வீட்டில் போய்த் தங்கி, காலையில் அந்த வீட்டு அம்மா கையால் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவது இப்போது தனி வியாபாரம். ஃபார்ம் ஸ்டே, ஹோம் ஸ்டே, பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்று பல பெயர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகமே 'இன்க்ரெடிபிள் இந்தியா' என்ற பெயரில் இதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும், வாடகை அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது, வசதியைப் பொறுத்து வெள்ளி, தங்கம் என்று தரம் உண்டு. அறை எவ்வளவு பெரிது, கழிப்பறை எப்படி, படுக்கை எப்படி என்று பார்ப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்தத் தரப்பட்டியல் வீட்டுச் சுவருக்கு உள்ளே நின்றுவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காது.

பாலாற்றுப் பக்கம் இது பெரிய விஷயம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் வாணியம்பாடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்த நாள், ஊரில் இருந்த லாட்ஜ் எல்லாம் நிரம்பிவிட்டது. வேலூருக்குப் போய்த் தங்கலாம் என்றால் அங்கே எப்போதுமே கூட்டம்; சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்கே அறை போதாது, தெருப்பலகைகளில் பாதி வங்காள எழுத்து. கடைசியில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஆற்றிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு தோப்பு வீடு கிடைத்தது. இரண்டு ராத்திரிக்குப் பணம் கட்டினோம். ஒரு ராத்திரியோடு கிளம்பிவிட்டோம். வீட்டின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகப் புரியும்.

விளம்பரத்தில் மூன்று விஷயங்கள் சொல்லியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர்க் குளியல், தென்னந்தோப்புக் காற்று, வீட்டுச் சமையல். மூன்றுமே காலை வாரின.

குளியலில் சோப்பு நுரைக்கவில்லை. தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகப் பிசுபிசு என்று ஏதோ உடம்பில் ஒட்டியது. மனைவிக்குத் தலைமுடி சிக்குப் பிடித்துவிட்டது. பக்கெட்டின் விளிம்பிலும் குழாயிலும் உப்பு பூத்துக் கிடந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அழுகின முட்டை வாசனை வந்து எழுப்பியது. ஜன்னலைச் சாத்தினோம், போகவில்லை. காலையில் காபியில் சர்க்கரைக்குப் பின்னால் ஓர் உப்பு. இட்லி பஞ்சு மாதிரி இருந்தது, குறை சொல்ல முடியாது. சாம்பாரில் துவரம்பருப்பு மட்டும் தனித்தனியாக, கடிபடுகிற மாதிரி மிதந்தது.

"நம்ம தண்ணில பருப்பு வேகாது தம்பி. கேன் தண்ணி ஊத்திதான் வேக வெப்பேன். நேத்து கேன்காரன் வரல. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் அந்த அம்மா. அறுபதுக்கு மேல் வயசிருக்கும். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை நான் புகாராக எழுதவில்லை. நுரைக்காத சோப்பு, வேகாத பருப்பு, நடுராத்திரி நாற்றம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் உண்டு. மூன்றையும் பிடித்துக்கொண்டு போனால் ஒரே இடத்தில் போய் நிற்கும். அதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

சோப்பும் பருப்பும்

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் இருந்தால் அவை சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பொருளாக மாறிவிடும். உடம்பில் ஒட்டிய வெள்ளைப் பிசுக்கு அதுதான். இந்த மாதிரித் தண்ணீரைத்தான் கடின நீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சாதாரண உப்பு நிறைய இருந்தாலும் சோப்பு சரியாகக் கரையாது. ஷாம்பு, துணி சோப்புத்தூள் போன்றவை இதில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அவை வேறு வகை ரசாயனம்.

பருப்பிலும் அதே கால்சியம்தான் வேலை செய்கிறது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கொதிக்கும்போது இந்தப் பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டினோடு சேர்ந்துகொண்டால் பசை கெட்டிப்பட்டுவிடும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரையாது. பாட்டிமார்கள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு வேகவைத்தது இதைச் சமாளிக்கத்தான். சோடா போட்டால் தண்ணீர் காரத்தன்மை அடையும், பெக்டின் சீக்கிரம் கரையும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கால்சியம் பாறையிலிருந்தே வரலாமே? வரும். வேலூர், திருப்பத்தூர் பக்கம் முழுக்க கடினப்பாறைப் பகுதி. மழை குறைந்து கிணறு அடியாழத்துக்குப் போனால் எங்கேயும் தண்ணீர் கொஞ்சம் கடுத்துத்தான் வரும். உப்புக் கிணறு என்றாலே டேனரிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தோல் பதனிடும் ஆலைக் கழிவு சேர்ந்தால் நடப்பது வேறு. கழிவில் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, ஏராளமாக இருக்கும். அது மண்ணில் இறங்கும்போது களிமண் துகள்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட கால்சியம் தண்ணீரோடு கீழே போய் நிலத்தடி நீரில் சேரும். கொட்டியது சோடியமாக இருந்தாலும், கிணற்றில் கால்சியமும் சேர்ந்தே ஏறும். சாப்பிட்டால் உப்பு கரிக்கிறது, சமைத்தால் பருப்பு வேகவில்லை, இரண்டும் ஒரே கிணற்றில் நடப்பது இப்படித்தான்.

மேலே மண்ணில் தங்கிய சோடியம் இன்னொரு வேலை பார்க்கும். கால்சியம் இருந்தால் களிமண் துகள்கள் பொலபொலவென்று கட்டியாகச் சேர்ந்து நிற்கும். சோடியம் வந்தால் அவை பிரிந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் சிமெண்ட் தரை மாதிரியும் ஆகிவிடும். தண்ணீர் இறங்காது, வேர் போகாது. நெல், கரும்பு, காய்கறி எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிடும். உப்பைத் தாங்கிக்கொள்ளும் மரங்களில் ஒன்று தென்னை. விளம்பரப் படத்தில் அவ்வளவு அழகாகத் தெரிந்த தோப்பு, நெல் போனபிறகு வைத்தது என்று அந்த அம்மா சொன்னார். பாலாற்றங்கரைத் தோப்பு எல்லாமே அப்படி வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த தடவை அந்தப் பக்கம் ரயிலில் போகும்போது தென்னையைப் பார்த்தால், அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று ஒரு கேள்வி மனசில் வரட்டும்.

ராத்திரி நாற்றம்

அழுகின முட்டை வாசனை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. தோலிலிருந்து மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்த கரைசலில் ஊறவைப்பார்கள். அந்தக் கழிவோடு எங்காவது அமிலக் கழிவு சேர்ந்தால் வாயு கிளம்பும். தேங்கிக் கிடக்கும் கழிவிலும் சேற்றிலும் பாக்டீரியாக்களே இதை உண்டாக்கும். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் நாற்றம் வருவதை வைத்து உடனே விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆபத்து எங்கே என்றால், மூடிய தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும். அங்கே அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார்.

பகலில் இல்லாத நாற்றம் ராத்திரி ஏன் வருகிறது? பகலில் வெயில் தரையைச் சூடாக்கும், காற்று மேலே எழும்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும். ராத்திரி தரை குளிரும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து அசையாமல் நிற்கும், மேலே ஒரு மூடி போட்ட மாதிரி. பாலாறு போகும் வழியில் ஒருபக்கம் ஏலகிரி, ஜவ்வாது மலைகள், இன்னொருபக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகள். பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கும். மத்தியானம் மூன்று மணிக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று முன்பதிவு செய்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

உப்பு எங்கிருந்து வந்தது?

தோல் தொழில் இங்கே நேற்று வந்ததல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பின்னால் அந்தத் தண்டவாளம் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நீண்டது. கச்சாத் தோல் வருவதற்கும் பதனிட்ட தோல் துறைமுகம் போவதற்கும் வழி கிடைத்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தண்ணீர், சுற்றுக் காடுகளில் ஆவாரம் பட்டை, கடுக்காய். இவற்றை வைத்துப் பதனிட்ட தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று உலகச் சந்தையில் தனிப்பெயர். தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். கழிவு நாறும்தான், ஆனால் பெரும்பாலும் மட்கக்கூடிய கழிவு.

1970களில் நிலைமை மாறியது. பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பினால் லாபம் அங்கே போகிறது, முழுசாகத் தயாரித்து அனுப்பினால் அந்நியச் செலாவணியும் வேலையும் நமக்கு என்று சீதாராமையா குழு 1972இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு கச்சா, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பொருளாதாரமாகப் பார்த்தால் சரியான முடிவு. இன்றைக்கு ஆம்பூரில் உலகப் பிராண்டுகளுக்கு ஷூ தைக்கிறார்கள் என்றால் அதற்கு விதை அங்கேதான். ஆனால் முழுத் தயாரிப்பு என்றால் குரோம் முறை. வாரக்கணக்கில் ஆனது ஒரு நாளில் முடியும், தோல் மென்மையாக வரும், சாயம் நன்றாகப் பிடிக்கும். போடுகிற குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு போல தோலில் ஏறும், மிச்சம் கழிவில் போகும்.

குரோமியம் என்றதும் எல்லோரும் புற்றுநோய் என்பார்கள். இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் பெரும்பாலும் படிந்துவிடும், தண்ணீரோடு அதிகம் நகராது. கொடியது ஆறு இணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் சுலபமாகக் கரைந்து பரவும். ராணிப்பேட்டையில் தாதுவிலிருந்து குரோமேட் உப்புகள் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை அங்கேயே குவியலாக விட்டுப்போனது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் பட்டியலில், செர்னோபிலோடு சேர்த்து ராணிப்பேட்டையும் வந்தது அதனால்தான்.

ஆனால் ஒரு தோப்பு வீட்டுக் கிணற்றைப் பொறுத்தவரை பெரிய எதிரி குரோமியம் இல்லை, சாதாரண உப்புதான். உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பைத் தடவி அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டன் தோலோடு 300 கிலோ உப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிதண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 300 கிலோ உப்பு, சுத்தமான 6 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த 500 என்ற கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். இது ஒரே ஒரு டன் தோலுக்கு.

அதோடு உப்புக்கு ஒரு கெட்ட குணம். மற்ற கழிவுகளைப் பாக்டீரியா தின்னும், சுண்ணாம்பு போட்டால் குரோமியம் அடியில் படியும். உப்பை எதுவும் தின்னாது, எதோடும் படியாது. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தில் கறுப்பாகப் போகும் கழிவு தெளிவாக வெளியே வரும், உப்பு மட்டும் அப்படியே வரும். கடலோர ஊர் என்றால் கடலுக்குக் குழாய் போடலாம். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. அதில் விட்டது எங்கேயும் அடித்துக்கொண்டு போகாது, மணல் வழியாகக் கிணற்றுக்குத்தான் போகும்.

கோர்ட் என்ன சொன்னது?

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று அதில் சொல்லப்பட்டது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு படுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. இழப்பைக் கணக்கிட்டு வசூலித்துக் கொடுக்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது.

ஆணையம் 2001இல் கணக்கு முடித்தது. 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு, சுமார் 29,000 பேருக்கு 26.8 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு 9,200 ரூபாய் வரும், ஏழு வருஷத்துக்கு. அதைக் கொடுத்து முடிப்பதிலும் அதற்குப் பிந்தைய வருஷங்களைக் கணக்கில் எடுப்பதிலும் இழுபறி. மறுபடி வழக்கு, மறுபடி மேல்முறையீடு. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அடுத்த தீர்ப்பைச் சொன்னார்கள். பாக்கி இழப்பீட்டைக் கொடுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுக் கண்காணியுங்கள், சேதம் சரியாகும்வரை மாசு படுத்தியவரின் பொறுப்பு தீராது என்பது அதன் சாரம். முதல் வழக்குக்கும் இதற்கும் நடுவில் 34 வருஷம்.

நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பிறகு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதி வந்தது. கழிவை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி நல்ல தண்ணீரைத் திரும்ப ஆலைக்கே அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். காய்ச்சினால் கிடைப்பது பலவகை கலந்த அழுக்கு உப்பு. அதை வாங்க ஆளில்லை, மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. தோல் வந்ததுமே உதறி உப்பைத் தனியே எடுப்பது, குறைந்த உப்பில் பதப்படுத்துவது என்று சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழிகள் சொல்லியிருக்கிறது. உப்பை உள்ளே விடாமல் இருப்பது, உள்ளே விட்டபின் வெளியே எடுப்பதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் உப்பைத் தடவுகிற இடம் வேறு, கழுவுகிற இடம் வேறு. தடவுகிறவருக்கு உப்புதான் மலிவு.

இதில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நான் ஒரு ராத்திரி வாசனை பொறுக்க முடியாமல் காரெடுத்துக்கொண்டு போய்விட்டேன். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அந்த வீட்டுக் கணக்கு

இப்போது தோப்பு வீட்டுக்கு வருவோம். ஆணையத்தின் இழப்பீடு நிலத்துக்கும் விளைச்சலுக்கும் போட்ட கணக்கு. நெல் போச்சு, இத்தனை ரூபாய். கிணறு போச்சு, இத்தனை ரூபாய். சரி, விவசாயம்தான் நடக்கவில்லை, வேறு வழி பார்ப்போம் என்று இரண்டு அறை கட்டி, வெள்ளையடித்து, ஆன்லைனில் படம் போட்டு, விருந்தாளி வரட்டும் என்று ஒரு குடும்பம் காத்திருந்தால்? அங்கேயும் அதே தண்ணீர்தான் வந்து நிற்கிறது. விவசாயியாக ஒரு தடவை இழந்ததை, தங்கும் விடுதி நடத்துபவராக இரண்டாம் தடவை இழக்கிறார்கள். இந்த இரண்டாவது இழப்புக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது. நமக்குத் தெரிவது ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் மட்டும்.

அந்த அம்மாவின் மருமகள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறார். காலையில் கம்பெனி பஸ் தோப்பு முனையில் வந்து நின்றது, டிபன் டப்பாவோடு ஓடினார். அந்தச் சம்பளம் மாசாமாசம் வருகிறது, அறை வாடகை எப்போதாவது. "தோல் ஷாப்பு வேணாம்னு சொல்லிட்டு நாங்க எங்க போறது தம்பி? தண்ணிய மட்டும் விட்டுவெச்சிருந்தா போதும்" என்றார். இத்தனை வருஷ வழக்கின் சாரமும் அதுதான். தொழிலை மூடச் சொல்லவில்லை, செலவை யார் தலையில் கட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். ஷூவின் விலையில் சேரவேண்டிய செலவு இப்போது பருப்புப் பானையில் சேர்கிறது.

விளம்பரத்தில் கிணற்றுத் தண்ணீர் என்று போட்டது சரியா? இல்லை. பணம் கொடுத்து வருகிறவருக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக இரண்டாம் நாள் வாடகையைத் திருப்பிக் கேட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் மேல் உள்ள தப்பு அந்த ஒரு வரிதான். தண்ணீர் அவர் தப்பில்லை.

தங்கப் போகிறவர்களுக்கு

இந்தப் பக்கம் தங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சீரகச் சம்பா அரிசியில் ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய் கொத்சுவும் சாப்பிடவே போகலாம். ஏலகிரி இருக்கிறது, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. போகுமுன் போனில் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிக்கிற தண்ணீர் எது, சமைக்கிற தண்ணீர் எது, குடிக்கிற தண்ணீர் எது? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் நல்லது. மேட்டூரிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கங்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து காவிரி வருகிறதா என்று கேட்பது கொடுமைதான், என்ன செய்வது.

தண்ணீரின் உப்பளவு பார்க்கும் பேனா மாதிரிக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது மின்சாரம் கடத்துவதை வைத்து மொத்த உப்பை மட்டும் சொல்லும். குரோமியம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. குறைவாகக் காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். சில நாள் தங்குகிறவருக்கு உப்புத் தண்ணீர்க் குளியலால் பெரிய கேடு வந்துவிடாது. இரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் கையோடு கொண்டுபோவது நல்லது.

கடைசியாக, திரும்பி வந்து விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு. 'அழுக்கான இடம், நாற்றம், சாப்பாடு வேகவில்லை' என்று எழுதினால் அடுத்தவருக்கு அந்த ஒரு வீட்டைப் பற்றித் தெரியும். அடுத்த வீட்டில் அதே தண்ணீரில் மாட்டிக்கொள்வார். 'அறை சுத்தம், வீட்டு அம்மா அன்பானவர், நிலத்தடி நீர் உப்பு, ராத்திரியில் டேனரி வாசனை வருகிறது, வெளித் தண்ணீர் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்' என்று எழுதினால் வருகிறவர் தயாராக வருவார், வீட்டுக்காரருக்கும் பிழைப்பு கெடாது. ஒவ்வொரு ஊர்ப் பெயரோடும் தேதியோடும் இப்படி நூறு பேர் எழுதிவைத்தால், நாளைக்கு எந்தக் குழு கணக்கெடுக்க வந்தாலும் எந்தக் கிணறு எப்போது கெட்டிருந்தது என்று காட்ட ஏதாவது கையில் இருக்கும்.